தலை வரையாத தாள்கள்

நோன்பு மாதத்தில் பகல் பத்து மணிக்கு எந்த வீட்டு அடுப்பும் எரிவதில்லை. 2019 மே மாதம் எட்டாந் திகதி, புதன்கிழமை, பாலாவிக்கும் புத்தளம் நகருக்கும் இடையிலுள்ள இடம்பெயர்ந்தோர் குடியிருப்பில் ஏறக்குறைய இருபது வளவுகளிலிருந்து அந்த நேரத்தில் புகை எழுந்தது. அரபு எழுத்துள்ள பழைய நூல்கள், மார்க்க உரைகள் பதிந்த இறுவட்டுகள், மதரஸா நாட்காட்டிகள் என்று அவரவர் வீட்டில் எது அச்சத்தைத் தந்ததோ அதை அவரவர் எரித்துக்கொண்டிருந்தார்கள். பெருந்தெருவில் நிற்கும் இராணுவ வண்டிக்கு அந்தப் புகை தெரியும் என்பதையும், சமையல் நடக்காத மாதத்தில் அது எதன் புகையென்று கேட்கத் தோன்றும் என்பதையும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. செய்னுலாப்தீன் எண்ணிப் பார்த்தார். ஆனால் அப்போது அவருடைய வளவிலும் நெருப்பு மூட்டியாகிவிட்டது. கையில் பதினோராவது தாள் இருந்தது.

"ஸஹ்னாட வாப்பா, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போடுங்க" என்றார் மனைவி சுல்பா.

"போடுறன்."

"அடுத்த ஒழுங்கையில ஒரு மனிசன ஆமிக்காரங்க ஏத்திட்டுப் போயிட்டாங்க. என்னத்துக்கெண்டு பொஞ்சாதிக்கே தெரியா. ஒங்கட பெட்டியத் துறந்தாங்களெண்டா அவங்க காரணம் தேடவும் தேவல்ல."

சுல்பா சொன்னதில் பிழையில்லை. கட்டிலின் கீழ் இருந்த றங்குப் பெட்டியில் நூற்று அறுபத்து மூன்று தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் இலக்கம், திகதி, கோயிலின் பெயர். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையுள்ள ஒன்பது கத்தோலிக்கக் கோயில்களின் முகப்பு, தூண், வளைவு, பீடம், கதவு, யன்னல் ஆகிய யாவும் அடி அங்குலக் கணக்கோடு வரையப்பட்டிருந்தன. ஓரங்களில் நீலப் பென்சிலால் குறிப்புகள்: "ஞாயிறு காலை ஏழரை, சனம் அதிகம்." "கிழக்குக் கதவு பூசைக்குப் பின் பூட்டுவார்கள்." "திருவிழாப் பத்து நாளும் ஆறு மணிக்கு." தாள்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் புனிதர்களும் சிறகுள்ள சம்மனசுகளும் நின்றார்கள். ஒருவருக்கும் தலை இல்லை. கழுத்தோடு கோடு நின்றுவிட்டிருந்தது.

ஈஸ்டர் ஞாயிறன்று கோயில்களில் குண்டுகள் வெடித்துப் பதினேழு நாட்கள் ஆகியிருந்தன. அந்தத் தாள்களைச் செய்னுலாப்தீன் வீடு சோதிக்க வரும் அதிகாரி ஒருவரின் கண்ணால் பார்க்க முயன்றார். இருபத்தைந்து வருட உழைப்பு, ஒரு முஸ்லிமின் கட்டிலின் கீழ், வேறு எதற்கோ தீட்டிய திட்டம்போல் கிடந்தது.

பதினோராவது தாளும் எரிந்தது. பன்னிரண்டாவதைக் கையிலெடுத்தார். அது 2011 இல் வரைந்தது. கோயில் முகப்பின் மேல் நிற்கும் மாதாவின் மேலாடை, இடது தோளிலிருந்து வலது முழங்கால்வரை இறங்கும் ஏழு மடிப்புகள். ஏழாவது மடிப்பு சரியாக விழுவதற்கு அவர் ஆறு வாரம் முயன்றிருந்தார். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காலால் மண்ணைத் தள்ளி நெருப்பை மூடினார்.

"என்ன செய்யப் போறீங்க?" சுல்பாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"தெரியல்ல."

செய்னுலாப்தீன் மன்னார் எருக்கலம்பிட்டியில் 1971 இல் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, பத்தொன்பது வயதில், வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார். ஓலைக் கொட்டில்களில் நான்கு வருடம். பாலாவி உப்பளத்தில் உப்பு வாரினார். பாதத்தில் வெடிப்பு விழுந்து நடக்க முடியாமல் போனபோது, கட்டடம் கட்டும் மேசன்மாரோடு சேர்ந்து சாந்து குழைக்கப் போனார். 1994 இல் அந்தக் கூட்டத்தோடு கற்பிட்டி வீதியிலுள்ள அடைக்கல மாதா கோயிலுக்கு வேலைக்குச் சென்றதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது.

கோயில் முகப்பிலிருந்த நான்கு தூண்களில் ஒன்றின் தலைப்பகுதி பாதி உடைந்து விழுந்திருந்தது. சுருண்ட இலைகள் இரண்டு அடுக்காக ஏறி நிற்கும் வேலைப்பாடு அது. தலைமை மேசன் மீதியையும் தட்டிவிட்டுச் சீமெந்தால் உருட்டிவிடலாம் என்றார். செய்னுலாப்தீன் மத்தியான இடைவேளையில் சாரத்தில் ஏறியிருந்து, எஞ்சிய பாதியைச் சீமெந்துப் பையின் கடதாசியில் கரியால் வரைந்தார். பிறகு கடதாசியை நடுவே மடித்து அழுத்தித் தேய்த்தார். விரித்தபோது உடைந்துபோன மறுபாதி கடதாசியில் பதிந்திருந்தது. மேசன்மார் சிரித்தார்கள். கோயிலின் குருவான பங்குச் சுவாமி சிரிக்கவில்லை. உள்ளே போய் அட்டை கிழிந்த பெரிய நூலொன்றை எடுத்து வந்தார். முன்னொரு காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த குரு ஒருவர் விட்டுச்சென்ற படநூல் அது.

பழைய கிரேக்க, உரோமைச் சிலைகளையும் கட்டடங்களையும் முன்மாதிரியாகக் கொண்டு இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் செய்யப்பட்டவற்றின் படங்கள் அந்த நூலில் இருந்தன. புதுச்செவ்வியல் என்று அந்தப் பாணிக்குப் பெயர் உண்டென்பது அவருக்கு நெடுங்காலம் தெரியாது. அவர் கண்டது வேறு. சாயமில்லாத வெள்ளை. அசையாத நிற்பு. அழுகை, ஆவேசம் எதுவுமில்லாத அமைதி. ஒரு தோளை மூடி மறு தோளை விட்டு இறங்கும் ஒற்றைத் துணி. ஹஜ் நாட்காட்டிப் படங்களில் ஹாஜிமார் உடுத்தியிருக்கும் துணியின் விழுகையும் அதுவும் ஒன்றென்று அவருக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து கட்டில் விரிப்பை நனைத்துக் கம்பத்தில் தொங்கவிட்டு, அது காயும்வரை வரைந்தார். கற்பிட்டிக் காற்றில் துணி சீக்கிரம் காய்ந்துவிடும். மறுபடி நனைப்பார். திருமணமான புதிதில் சுல்பா, "ஒரு விரிப்ப எத்தன தரம் கழுவுறீங்க?" என்று கேட்டது குடியிருப்பில் நெடுநாள் கதையாக இருந்தது.

அதே கோயிலில்தான் பஸ்தியான் அறிமுகமானார். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர் மகன். வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பார் என்பதால் கரையில் விடப்பட்டவர். களிமண்ணில் முகம் பிடிப்பதில் கெட்டிக்காரர். கழுத்துக்குக் கீழே அவருக்கு ஒன்றும் வராது.

"என்ட அப்போஸ்தலர்மார் எல்லாரும் சாக்குக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கினம், மச்சான்" என்று அவரே சொன்னார்.

செய்னுலாப்தீனுக்கோ உருவம் செய்வதில் மார்க்கத் தடை இருந்தது. தலையில்லாதது உருவமாகாது என்று ஓதிக்கொடுத்த ஆலிம் ஒருவர் சின்ன வயதில் சொன்னதை அவர் பற்றிக்கொண்டார். ஒப்பந்தம் அன்றே முடிந்தது. உடல், உடுப்பு, கை, கால், சிறகு செய்னுலாப்தீனுடையவை. தலை பஸ்தியானுடையது. கம்பிக் கூட்டின் மேல் சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்த சாந்தைப் பூசி உடலை அவர் முடித்துக் கீழே இறங்கிய பிறகே பஸ்தியான் தலையோடு ஏறுவார். தாளிலும் அதே விதி. செய்னுலாப்தீன் கழுத்தோடு நிறுத்துவார். தலைகளைப் பஸ்தியான் தன் வீட்டில் வேறு தாளில் வைத்திருந்தார்.

தூண்தலைகளின் சுருண்ட இலைகளை முட்டைக்கோசு என்ற பொருளில் பஸ்தியான் "கோவா" என்பார். "மாதா கோயிலத் தூக்கி நிறுத்தியிரிக்கிறது நாலு கோவாதான்" என்று சுவாமியின் காதுபடவே சொல்லுவார். முகப்புச் சிலைகளுக்குச் சாயம் பூசக்கூடாது என்று செய்னுலாப்தீன் வாதாடியபோது, "வெள்ளையா விட்டா இருட்டில பேயெண்டு சனம் ஓடும்" என்று மறுத்தவரும், பிறகு பங்குச் சபையில் எழுந்து வெள்ளைக்காகப் பேசி வென்றவரும் அவரே.

போர் 2009 இல் முடிந்தது. வெளிநாடுகளில் இருந்தவர்கள் ஊர் வந்தார்கள். கரையோரக் கோயில்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. 2010 முதல் 2018 வரை இருவரும் முப்பத்தொரு சிலைகளும் அறுபத்தெட்டுத் தூண்தலைகளும் செய்தார்கள். நீலப் பென்சில் குறிப்புகள் அந்தக் காலத்தவை. ஈரச் சாந்து இறுகுவதற்கு ஆறு மணி நேரம் வேண்டும். அதற்கிடையில் கோபுர மணி அடித்தால் முகப்பு அதிரும். மெல்லிய மடிப்புகள் உதிர்ந்துவிடும். சனம் நிறைந்த பூசைக்குக் கதவுகள் அடிபடுவதும் அப்படியே. ஆகவே எந்தக் கோயிலில் எப்போது மணி, எப்போது கூட்டம், எந்தக் கதவு என்று தெரிந்துகொண்டே அவர் சாந்து குழைப்பார்.

ஈஸ்டர் ஞாயிறு இதையெல்லாம் அவரிடமிருந்து பறித்தது. பஸ்தியானின் மனைவி றோசமேரியின் தமக்கை மகள், நீர்கொழும்பில் வாழ்ந்த, மூக்குத்தி போட்ட பத்தொன்பது வயதுப் பெண், அன்று கோயிலிலிருந்து திரும்பவில்லை. செய்தி செய்னுலாப்தீனுக்கு மறுநாள் கிடைத்தது. மரண வீட்டுக்குப் புறப்பட்டுப் பாலாவிச் சந்திவரை போனார். பஸ் நின்றது. ஏறியிருந்தவர்கள் அவருடைய தாடியையும் தொப்பியையும் பார்த்தார்கள். அவர் ஏறாமல் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து பஸ்தியானின் இலக்கத்தை நான்கு தடவை அழுத்தி, மணி போக முன்னரே நிறுத்தியிருந்தார்.

நெருப்பை மூடிய அந்தப் புதன்கிழமை பிற்பகல் ஐந்தாவது தடவை அழுத்தினார். நிறுத்தவில்லை.

"ஆரு?"

"நான்தான், பஸ்தியான்."

செய்னுலாப்தீன் பிள்ளையின் இறப்பைப் பற்றி ஏதோ சொன்னார், வார்த்தைகள் கோணலாக வந்தன. பிறகு தாள்களைப் பற்றிச் சொன்னார்.

"எத்தின எரிச்சாய்?" என்றார் பஸ்தியான்.

"பதினொண்டு."

"மிச்சத்த எரிக்காத. சனிக்கிழம வாறன்."

சனிக்கிழமைக்கு இரண்டு முழு நாட்கள் இருந்தன. வியாழக்கிழமை எதிர் ஒழுங்கையில் வண்டிகள் நின்றன. அலுமாரிகள் திறக்கப்படும் ஓசையும் பாத்திரங்கள் உருளும் ஓசையும் அவருடைய வளவுக்குக் கேட்டன. நிசப்தம் வந்தபோது அது இன்னும் மோசமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. மகள் ஸஹ்னா, உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், "வாப்பா, நான் சிங்களத்தில விளங்கப்படுத்துவன்தானே, அந்தக் குறிப்பெல்லாம் சாந்து காயுறதுக்கு எண்டு?" என்றாள். அவர் அவளை ஒரு தடவை சொல்லச் சொன்னார். அவள் பிழையில்லாமல் சொன்னாள். ஆனால் கேட்கக் கேட்க அது மனப்பாடம் செய்த பொய்போல் ஒலித்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பஸ்தியானின் திரீவீலர் ஒழுங்கைக்குள் வந்தது. முன்கண்ணாடியில் மாதா படம். அதைக் கண்டு அண்டை வீட்டுக் கதவுகள் இரண்டு சாத்தப்பட்டன. பஸ்தியான் மெலிந்திருந்தார். சுல்பா தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்கள் எல்லாரும் நோன்போட இரிக்க நான் குடிக்கிறதா, தங்கச்சி? கொண்டு போங்க" என்றார். பிறகு, "எங்க பெட்டி?" என்றார்.

தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் அவற்றின் ஓரங்களை அவர் பார்த்ததே இல்லை; பார்த்ததெல்லாம் கழுத்தின் அளவு மட்டும். முப்பத்தேழாம் தாளில் அவருடைய கை நின்றது. உதடு அசைய வாசித்தார்.

"ஞாயிறு ஏழரை, சனம் அதிகம்." தலையை நிமிர்த்தினார். "இதென்ன, செய்னு?"

செய்னுலாப்தீன் அந்த முகத்தை அதற்கு முன் கண்டதில்லை. கோபம் இல்லை. கோபமாக இருந்தால் தாங்கியிருக்கலாம். தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை, வாசலுக்கு எவ்வளவு தூரம் என்று அளப்பதுபோல் ஒரு சிறு அசைவு. பொலிசுக்கும் இராணுவத்துக்கும் அஞ்சிய அவர், தன் வீட்டு மேசையில், தன் கதிரையில் இருப்பவருக்கு அஞ்ச நேருமென்று நினைத்திருக்கவில்லை.

"பூசைக்கு எத்தின சனம் வருதெண்டு உனக்கு என்னத்துக்கு?"

"சாந்து" என்றார் செய்னுலாப்தீன். அதற்குமேல் வரவில்லை.

"என்ன சாந்து?"

"மணி... மணி அடிச்சா..."

பஸ்தியான் தாளைப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். 2013 ஆகஸ்ட். ஸஹ்னா உள்ளறை வாசலில் வந்து நின்றாள். அவளைக் கண்டதும் பஸ்தியானின் கண்கள் ஒரு கணம் அவளிலேயே தங்கின.

"யூதாததேயு சிலையிட கை" என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில். "மணி அடிக்க விரல் மூண்டும் கழண்டு என்ட மண்டையில விழுந்தது. நான்தான் உன்னட்டச் சொன்னனான், பூசை நேரத்தக் கேட்டு எழுதி வச்சிக்கிட்டு வேலை செய்யடா எண்டு."

"ஓம்."

"நான்தானே சொன்னனான்?"

"ஓம், பஸ்தியான்."

பஸ்தியான் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். "எனக்கே இப்படி எண்டா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இது இஞ்ச இரிக்கேலாது. கோயிலிலதான் இரிக்கோணும். இண்டைக்கே கொண்டு போறம்" என்றார்.

"கோயிலுக்கா?" சுல்பா பதறிப்போனார். "கோயில்ட பிளானச் சுருட்டி எடுத்துக்கிட்டு ஒரு முஸ்லிம் மனிசன் கோயிலுக்குப் போறதா? அதுவும் இந்த நேரத்தில?"

"நான் கூடப் போறனே, தங்கச்சி."

"நீங்க மட்டும் கொண்டு போங்களன், அண்ணன்."

"ஆரு கீறினதெண்டு சுவாமி கேட்டா? புதுச் சுவாமிக்கு இவனத் தெரியாது. ஆள் நேர வந்து சொன்னாத்தான் அது ஒளிச்சு வச்ச சாமான் இல்லாமப் போகும்."

அதில் நியாயம் இருந்தது. குறிப்புகளை அழிப்பதென்று முடிவாயிற்று. ஸஹ்னா றப்பரோடு உட்கார்ந்தாள். றப்பர் தேய்ந்ததும் சுல்பா பாணின் நடுப்பகுதியைப் பிய்த்துக் கொடுத்தார். பழைய பென்சில் கோட்டுக்குப் பாண் துணுக்கு நன்றாக வேலை செய்தது. பஸ்தியான் எஞ்சியவற்றைப் பார்த்தபடி இருந்தார்.

"தலையில்லாமக் கிடக்கிற இதுகளக் கண்டா எந்த ஆமிக்காரனும் விடமாட்டான்" என்றார். "பென்சிலத் தா."

செய்னுலாப்தீனுக்கு விளங்கியது. "முகம் போட்டா அது உருவம். பிறகு இந்த வீட்டில வைக்கேலாது. திருப்பிக் கொண்டு வரவும் ஏலாது."

"தெரியும்."

சுல்பா கணவரைப் பார்த்தார். செய்னுலாப்தீன் பென்சிலைச் சீவி, கூர் பார்த்து, நீட்டினார்.

பஸ்தியான் பதினொரு மணிக்குத் தொடங்கினார். மாதா, சூசையப்பர், சந்தியாகு, யூதாததேயு. ஒவ்வொரு கழுத்தின் மேலும் முகம் வந்து அமர்ந்தது. கோடுகள் விரைவானவை, செய்னுலாப்தீனின் கோடுகளோடு சேராத அவசரக் கோடுகள். தொண்ணூற்றிரண்டாம் தாளின் சம்மனசுக்கு வந்தபோது பென்சில் மெதுவாயிற்று. அந்த முகம் எந்தப் புனிதரையும் போல் இருக்கவில்லை. மூக்கில் சிறிய மூக்குத்தி கூட இருந்தது. அவர் அதைப் புரட்டிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

இரண்டு மணிக்கு நூற்று ஐம்பத்திரண்டு தாள்களும் மூன்று சுருள்களாகத் திரீவீலரின் பின் ஆசனத்தில், செய்னுலாப்தீனின் மடிமேல் இருந்தன. தொப்பியைக் கழற்றி விடும்படி சுல்பா சொன்னார். கழற்றினார். பிறகு, கழற்றியதுதான் சந்தேகம் தருமோ என்று மறுபடி போட்டார்.

பாலாவிச் சந்தியில் வண்டியை மறித்தார்கள். சார்ஜன்ட் ஒருவரும் இளம் சிப்பாய் ஒருவரும். உரையாடல் சிங்களத்தில் நடந்தது. பஸ்தியானுக்குச் சிங்களம் தண்ணீர்பட்டபாடு. செய்னுலாப்தீனுக்கு மேசன் வேலைச் சிங்களம் மட்டும்.

"சுருளுக்குள் என்ன?"

"கோயில் சிலைகளின் படம், சேர். அடைக்கல மாதா கோயிலுக்குக் கொண்டுபோறோம்."

அடையாள அட்டைகள் இரண்டும் கைமாறின. சார்ஜன்ட் ஒன்றை விரைவாகவும் மற்றதை மெதுவாகவும் வாசித்தார்.

"இவர் முஸ்லிம். கோயிலில் இவருக்கென்ன வேலை?"

"சிலைக்கு உடுப்பு இவர் செய்வார். முகம் நான் செய்வேன்."

"தையல்காரரா?"

"சாந்தில் தைக்கிற தையல்காரர், சேர்."

இளம் சிப்பாய் சிரித்துவிட்டான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. ஒரு சுருளை அவிழ்த்து மேல் தாளை எடுத்தார். செய்னுலாப்தீன் மற்ற இரண்டு சுருள்களையும் மடியோடு அழுத்திப் பிடித்தார். சார்ஜன்ட் தாளை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். தேய்த்த இடங்களில் கடதாசி மெலிந்து, ஓரங்களில் வெளிச்சம் நீள்சதுரங்களாகத் தெரிந்தது.

"இங்கே என்ன எழுதியிருந்தது?"

கேள்வி செய்னுலாப்தீனை நோக்கியே கேட்கப்பட்டது. அவர் வாயைத் திறந்தார். மணி என்பதற்குச் சிங்களச் சொல் அகப்படவில்லை.

"பூசை நேரம், சேர்" என்றார் பஸ்தியான், வண்டியின் கைபிடியில் சாய்ந்தபடி, வெயிலைப்பற்றிப் பேசுவதுபோல். "மணி அடித்தால் ஈரச் சாந்து விழும். அதனால் நான் எழுதச் சொன்னேன். குண்டுக்குப் பிறகு இப்ப பூசையும் இல்லை, மணியும் இல்லை. அழித்துவிட்டோம்."

சார்ஜன்ட் பஸ்தியானின் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். அது தொண்ணூற்றிரண்டு. அந்தச் சம்மனசின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சுருட்டத் தெரியாமல் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"போங்கள்."

கற்பிட்டி வீதியில் மூன்று மைல் போனபிறகு பஸ்தியான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, தென்னைக்கு மறைவில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். "வள்ளத்தில ஏறின மாதிரி இரிக்கு" என்றார். இருவரும் சிரிக்க முயன்றார்கள்.

கோயில் வாசலில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. காவல் நின்றவர்கள் சுருள்களை மறுபடி அவிழ்த்தார்கள். புதுச் சுவாமி இளவயதினர், கண் சிவந்து தூக்கமில்லாமல் இருந்தார். அலுவலக அறையில் மேசைமேல் தாள்களை விரித்துப் பார்த்தார். வெளியே முகப்பில் நிற்கும் மாதாவின் ஏழு மடிப்புகளும் தாளில் இருந்ததைக் கண்டு, எழுந்து யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தார்.

"இதுகளை நான் பொறுப்பெடுக்கிறேன்" என்றார். "கோயில் சாமான் புத்தகத்தில் பதிய வேணும்." தடித்த பதிவேட்டைத் திறந்து எழுதினார்: வரைபடங்கள், தாள் 152, பென்சில். "வரைந்தவர்?"

"செய்னுலாப்தீன்" என்றார் பஸ்தியான்.

சுவாமியின் பேனா கடதாசிக்கு மேல் நின்றது. "நான் ஒண்டு சொல்ல வேணும். கோயிலுக்குள் வேலை செய்தவை எல்லாற்ற பேரையும் பாதுகாப்புப் பிரிவு கேட்டிருக்கு. திங்கக்கிழமை இந்தப் புத்தகத்தைக் காட்ட வேண்டிவரும். நான் நடந்ததைச் சொல்லுவன். ஆனா அவை உங்களக் கூப்பிட்டு விசாரிக்காயினம் எண்டு என்னால சொல்லேலாது."

செய்னுலாப்தீன் பதிவேட்டைப் பார்த்தார். ஏற்றிக்கொண்டு போகப்பட்ட அடுத்த ஒழுங்கை மனிதர் இன்னும் வீடு வரவில்லை. ஸஹ்னாவின் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

"இவர்ட பேர எழுதுங்க, சுவாமி" என்றார், பஸ்தியானைக் காட்டி.

"விசர்க் கதை கதைக்காத" என்றார் பஸ்தியான். "கை இவன்ட, கால் இவன்ட, தூண் இவன்ட, கோவா இவன்ட. நான் இண்டைக்குக் காலம கீறின தலையள் மட்டும்தான், சுவாமி. அதுவும் அரைகுறை."

"பஸ்தியான்."

"என்ன?"

"எனக்குப் பயமா இரிக்கி."

இருபத்தைந்து வருடத்தில் அவர் அந்தச் சொல்லைப் பஸ்தியானிடம் சொன்னதில்லை. அறுபது அடிச் சாரத்தின் மேல் நின்றபோதுகூட. பஸ்தியான் சுவாமியைப் பார்த்துச் சம்மதமாகத் தலையசைத்தார். சுவாமி எழுதினார்: வரைந்தவர், பஸ்தியான். மேசையின் மறுபக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்த அந்த வரியைச் செய்னுலாப்தீன் எழுத்தெழுத்தாக வாசித்தார். திகதி விடுபட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினார். சுவாமி எழுதிச் சேர்த்தார்.

அந்தப் பதிவு இன்றும் அப்படியே இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை மாகாணம் முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. வியாழக்கிழமை முற்பகல் செய்னுலாப்தீனின் வீடு சோதிக்கப்பட்டது. கட்டில் புரட்டப்பட்டது, அலுமாரி வெளியே இழுக்கப்பட்டது, அரிசிப் பானைக்குள் கம்பி விட்டுப் பார்க்கப்பட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. படிவத்தோடு நின்ற அதிகாரி கடுமையானவர் அல்லர். வீட்டுத் தலைவர் பெயர், வயது, பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், ஸஹ்னா மொழிபெயர்த்தாள்.

"தொழில் என்னவெண்டு கேக்கிறார், வாப்பா."

அவள் தந்தையைப் பார்த்தாள். சிற்பி என்பதற்கான சொல்லைச் சிங்களத்தில் தயாராக வைத்திருந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

"மேசன்" என்றார் செய்னுலாப்தீன், மொழிபெயர்ப்புத் தேவைப்படாத சொல்லாக. அதிகாரி எழுதிக்கொண்டார்.